சுவர் வாங்கிய மூச்சு

வல்தோரா என்ற அந்த இத்தாலிய மலையூர் ஆண்டுக்கு நாலு விரல் அகலம் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. அந்த வசந்த காலத்து மழைக்குப் பிறகு ஒரே வாரத்தில் ஒரு முழம் சரிந்துவிட்டது. ஊர்க்காரர்களைக் கீழே கூடாரங்களுக்கு இறக்கினார்கள். ஆடுகளையும் தேன்கூட்டுப் பெட்டிகளையும் இறக்கினார்கள். கல்லறைத் தோட்டத்து எலும்புகளைக்கூடப் பெயர் எழுதிய பெட்டிகளில் வைத்து இறக்கினார்கள். மலை விளிம்பில் நின்ற சின்னக் கோயில் மட்டும் மிஞ்சியது. அது இன்னும் பதினொரு நாள் தாங்கும் என்றார் பொறியாளர்.

கோயிலின் வடக்குச் சுவர் முழுக்க ஓர் ஓவியம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ வரைந்தது. பெயர் எங்கும் எழுதப்படவில்லை. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தி அழும் தாய். சுற்றிலும் ஆறு பேர். அந்த ஆறு பேரும் முக்காடு போட்டோ முதுகைக் காட்டியோ குனிந்திருந்தார்கள். ஒருவர் முகமும் தெரியாது. அத்தனை பெரிய சுவரில் உயிருள்ள முகம் தாயுடையது ஒன்றுதான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

அதைச் சுவரிலிருந்து உரித்தெடுக்க வந்தவள் பியேரா. ஐம்பது வயது, அகன்ற கைகள், எந்நேரமும் வாயில் ஓர் அதிமதுரக் குச்சி. ஓவியத்தின் மேல் பசையும் துணியும் ஒட்டி, காயவிட்டு, சாயம் இருக்கும் மெல்லிய தோலை மட்டும் பிடுங்கி எடுப்பது அவள் தொழில். ஆய்வாளர் ஜெசிந்தா பலெர்மோவிலிருந்து தன் கருவியோடு வந்தது வேறு வேலைக்கு, சுவரில் பதிந்த மூச்சை வாசிக்க.

“எனக்கு ஒன்று சொல்லு,” என்றாள் பியேரா முதல் நாளே. “சுவர் எப்படி மூச்சைப் பிடித்து வைக்கும்?”

“சுண்ணாம்புச் சாந்து எப்படிக் காயும்? அது உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.”

“காற்றில் இருக்கிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு கல்லாகும். சாந்து ஈரமாக இருக்கும்போதே வரைந்தால், சாயமும் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்ளும்.”

“சன்னல் இல்லாத இவ்வளவு சின்ன அறை. சுவருக்கு ஒரு முழம் தள்ளி ஓர் ஆள் காலையிலிருந்து மாலைவரை நின்று வரைகிறார். அப்போது சாந்து வாங்குகிற வாயு எங்கிருந்து வருகிறது?”

பியேரா மெல்லுவதை நிறுத்தினாள். சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு படலம்,” என்றாள் ஜெசிந்தா. “ஒன்றன்மேல் ஒன்றாக. ஒருவர் மூச்சு மற்றவர் மூச்சைப் போல இருக்காது. சாப்பிட்டது, குடித்தது, நெஞ்சில் இருக்கிற நோய் எல்லாம் அதில் பதிந்திருக்கும். என் கருவி படலம் படலமாகத் திறக்கும். கடைசியில் படிந்தது முதலில் வரும்.”

“திறந்த பிறகு?”

“மூச்சு வெளியே வரும். கண்ணாடிக் குப்பியில் பிடித்து மூடிவைப்போம். சாந்துத் துண்டு பொடியாகிவிடும். ஒரு துண்டை ஒரே முறைதான் வாசிக்கலாம்.”

“எவ்வளவு பெரிய துண்டு?”

“சுண்டுவிரல் நகம் அளவு.”

பியேரா கோந்துச் சட்டியைக் கிண்டப் போய்விட்டாள்.

கருவி வெளியே தெரிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் உலகம் அதைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டது. முதல் மூச்சைப் பிடித்துவைக்க, பிள்ளை பிறக்கும் அறைகளுக்கு அன்று காலையில் சுண்ணாம்பு பூசச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு நிறுவனம் படுக்கையறைகளுக்கு ‘நினைவுச் சுவர்’ விற்றது. ஒரு நாட்டில் விசாரணை அறைகளுக்கு மூச்சை வாங்காத எண்ணெய்ச் சாயம் மட்டுமே அடிக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. எதற்கென்று யாரும் கேட்கவில்லை. இதில் எதையும் செய்யச் சொல்லி ஜெசிந்தா கேட்டதில்லை. அவள் எல்லோரிடமும் சொன்னது, பழைய சுவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் இதைச் செய்தேன் என்பது. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

ஈரச் சாந்தில் வரைபவர்கள் அன்றன்று வரைய முடிந்த அளவுக்குத்தான் சாந்து பூசுவார்கள். அதனால் சுவர் துண்டு துண்டாக இருக்கும். அந்தத் துண்டைப் பியேராவின் தொழிலில் ‘ஒரு நாள்’ என்றே சொல்வார்கள். வல்தோராச் சுவரில் முப்பத்தொரு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளிலும் வானமோ தரையோ வெறுமையாக இருக்கும் ஓர் ஓரத்தில் சின்னத் துண்டை எடுத்து, ஜெசிந்தா வாசித்துக்கொண்டே வந்தாள்.

எல்லா நாளிலும் ஓவியர் இருந்தார். ஆணா பெண்ணா என்று கருவிக்குத் தெரியாது. வெங்காயம் நிறையத் தின்றிருக்கிறார், இடது நுரையீரல் கொஞ்சம் சோம்பல். நுணுக்கமான கோடு இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். வரிசையைத் திருப்பிப் போட்டால், திரையில் அலை ஓடிவந்து சட்டென்று தட்டையாகும். ஒரு விரல்நுனியை வரைந்து முடிக்கும்வரை அப்படியே இருக்கும். பிறகு பெரிதாக ஒரு மூச்சு. எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த இடைவெளியை முதன்முதலாகப் பார்த்தபோது ஜெசிந்தாவும் தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒன்றாக விட்டார்கள்.

இருபத்துமூன்றாம் நாளில் இன்னொரு மூச்சு வந்தது. தரையோடு ஒட்டி, மேலோட்டமாக, சளி கட்டிய மூச்சு.

“படுத்திருக்கிறார்,” என்றாள் ஜெசிந்தா. “சுவருக்குக் கீழே. கடும் நோயாளி.”

பியேரா சாரத்திலிருந்து இறங்கி வந்து அந்த நாள் எது என்று பார்த்தாள். இறந்த மகனின் மார்பு. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய, வயிறு உள்வாங்கி, நிறம் பச்சைக்கு மாறத் தொடங்கிய உடல்.

“இது மனதிலிருந்து வரைந்த உடல் இல்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும்,” என்றாள் மெதுவாக. “பார்த்து வரைந்திருக்கிறார். உயிரோடு இருந்த ஒருவரை.”

இருபத்துநான்கு, இருபத்தைந்து. மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்தது. இருபத்தாறாம் நாள் மகனின் இடது கை. கருவி கடைசியிலிருந்து முதலுக்கு வாசிப்பதால், அன்று மாலைப் படலங்கள் முதலில் திறந்தன. ஓவியர் மட்டும் இருந்தார். படலம் படலமாக ஓவியர் மட்டும். திடீரென்று, யாருமே இல்லாத இடத்தில், தரையோரத்தில் ஒரு சின்ன மூச்சு எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு விடாமல். இறந்துகிடந்த ஒருவர் எழுந்து மூச்சுவிடத் தொடங்கியதைப் போல இருந்தது. ஜெசிந்தா சாரத்துப் பலகையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். வரைபடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோதுதான் நடந்தது விளங்கியது. அன்று நடுப்பகலில் அந்த மனிதர் இறந்திருக்கிறார். ஓவியர் நிறுத்தவில்லை. சாந்து காய்ந்துவிட்டால் கை பாதியில் நின்றுவிடும். மாலைவரை நின்று கையை முடித்திருக்கிறார்.

பியேரா போய்க் கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அன்று மீதி நேரம் இருவரும் வேலை செய்யவில்லை.

முப்பதாம் நாள் மகனின் பாதங்கள். அதில் ஓவியரின் மூச்சு புரியாத விதமாக மாறியிருந்தது. மூன்று சின்ன இழுப்பு, பிறகு நீண்ட ஒரு வெளிமூச்சு, அதன் நுனியில் ஒரு நடுக்கம். அப்படி ஆறு முறை. பிறகு ஓய்வு. பிறகு மறுபடி ஆறு. பலெர்மோவில் இருந்த சகாக்கள் படத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்துமா என்றார்கள். வலிப்பு என்றார் ஒருவர். விக்கி விக்கி அழுதால் இவ்வளவு ஒழுங்காக வராது. முப்பத்தோராம் நாளை வாசித்தால்தான் தெளியும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

முப்பத்தோராம் நாள் தாயின் முகம். கடைசி நாளில் ஓவியர் முகத்துக்கு மட்டும், ஓர் உள்ளங்கை அளவு சாந்து பூசியிருந்தார். வெறுமையான ஓரம் கிடையாது. எடுத்தால் கன்னத்திலிருந்தோ கண்ணிலிருந்தோதான் எடுக்கவேண்டும்.

“கடிதம் வந்துவிட்டது,” என்றாள் ஜெசிந்தா. “இடது கன்னத்தில் எடுக்க அனுமதி.”

“யார் கொடுத்தது?”

“எங்கள் இயக்குநர் கேட்டு வாங்கியிருக்கிறார்.”

“அப்படியானால் அவரே வந்து வெட்டட்டும்,” என்றாள் பியேரா. “நான் தொடமாட்டேன். ஆறு பேர் முகத்தை மறைத்து வரைந்தவர் இந்த ஒரு முகத்தை நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நீ அதில் குழி தோண்டப் போகிறாய்.”

“வாசிக்காமல் விட்டால், ஏன் கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.”

“போகட்டுமே.”

அதற்கு மறுநாள், ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை, ஜெசிந்தாவின் அம்மா வந்து சேர்ந்தாள்.

திரேசம்மாவுக்கு எழுபத்தொரு வயது. இலங்கையின் மன்னார்க் கரையிலிருந்து பலெர்மோவுக்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள். மகள் முதன்முறையாக ஈஸ்டருக்கு வீட்டுக்கு வரவில்லை என்றதும், கப்பல், ரயில், பேருந்து என்று மாறி மாறி ஏறி, தீயணைப்புக்காரர்களின் ஜீப்பில் கோயில்வரை வந்துவிட்டாள். கையில் ஒரு தூக்குச்சட்டியில் மீன்குழம்பு.

“அம்மா! என்னத்துக்கு இந்த மலைக்கு ஏறி வந்தனீங்கள்? இது விழப்போற இடம்.”

“விழப்போற இடத்திலை நீ நிக்கிறாய்தானே? நான் நிக்கக்கூடாதோ?”

ஜெசிந்தாவின் அண்ணன் யூட்டின் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சும்மா சொல்வதில்லை. ஜெசிந்தாவுக்கு ஆறு வயதில், பலெர்மோவில் இருந்த அப்பா குடும்பத்தைக் கூப்பிட்டார். அண்ணன் யூட்டுக்குப் பதினெட்டு முடிந்திருந்ததால் விசா கிடைக்கவில்லை. பிறகு எடுக்கலாம் என்று வீட்டையும் அவனையும் மாமியின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் யுத்தத்தின் கடைசி மாதங்கள் வந்தன. கடற்கரையோரம் சனத்தோடு சனமாக அவனைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். படையினர் பேருந்தில் ஏற்றியதைப் பார்த்ததாக இன்னொருவர். அவ்வளவுதான். அப்பா செத்துப்போனார். அம்மா மகனுக்காக ஒரு நாளும் பூசை ஒப்புக்கொடுக்கவில்லை, கறுப்பு உடுத்தவில்லை, அழவும் இல்லை. ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை என்றால் திரேசம்மாதான் ஒப்பாரிக்கு முன்குரல். மாதா மகனை நினைத்து அழும் வரிகளை அவள் எடுத்துக்கொடுக்க, மற்றப் பெண்கள் பின்னால் பாடுவார்கள். யூட் காணாமல் போன பிறகு அவள் எதையும் பாடியதில்லை. பாடினால் அவன் செத்துவிட்டான் என்று அவளே சொன்னதாகிவிடும்.

ஜெசிந்தாவுக்கு அண்ணன் முகம் ஒரு படத்தில் பார்த்த முகம்தான். அவளுக்கு அவனைப் பற்றிய ஒரு நினைவும் இல்லை. அதை அவள் அம்மாவிடம் சொன்னதில்லை.

அம்மா ஓவியத்துக்கு முன்னால் போய் நின்றாள். சிலுவை போட்டாள். மடியில் கிடந்த உடலை, கால்களை, தாயின் கை மகன் கழுத்துக்கடியில் போயிருந்த விதத்தைப் பார்த்தாள்.

“இவளுக்கு உடம்பு கிடைச்சிட்டுது,” என்றாள்.

ஜெசிந்தா அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏன் பிள்ளை, உதுக்குள்ளையே நீ மூச்சுத் தேடுறனீ?”

“ஓம் அம்மா. சுண்ணாம்பு காயேக்கை பக்கத்திலை நிண்ட ஆக்களின்ர மூச்சை வாங்கி வைச்சிருக்கும். நாங்கள் திருப்பி எடுக்கிறம்.”

“எல்லாச் சுண்ணாம்புமோ?”

“எல்லாச் சுண்ணாம்பும்தான்.”

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். “எங்கட வீட்டு நடு அறைக்கு அவன்தானே வெள்ளையடிச்சவன். நாங்கள் வெளிக்கிடுறதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னம். சிப்பிச் சுண்ணாம்பு. மாமி இன்னும் அதுக்கு மேலை ஒண்டும் பூசேல்லை.”

இதைத்தான், இந்த ஒரு கேள்வியைத்தான், பன்னிரண்டு ஆண்டுகளாக ஜெசிந்தா ஆயிரம் பழைய சுவர்களைச் சுற்றிக்கொண்டு கேட்காமல் ஒளித்திருக்கிறாள் என்பது அப்போது அவளுக்கே தெரிந்தது.

“தெரியேல்லை அம்மா,” என்றாள். “இருக்கலாம்.”

கருவிக்குப் பக்கத்தில் இருந்த திரையில் பாதங்களின் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சகாக்களுக்குக் காட்ட ஜெசிந்தா அதை நேரான வரிசையில் மாற்றி வைத்திருந்தாள். அம்மா ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“இதென்ன மேலையும் கீழையும் போகுது?”

“வரைஞ்ச ஆளின்ர மூச்சு. கோடு மேலை போனால் உள்ளுக்கு இழுக்கிறார். கீழை வந்தால் விடுறார். அவருக்கு என்ன நோய், என்ன வருத்தமெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை.”

அம்மா கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள்கள் கோட்டோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கின. மூன்று சின்ன இழுப்பு. நீண்ட வெளிமூச்சு. மூன்று சின்ன இழுப்பு. ஜெசிந்தா எழுந்தாள். அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து போய்க் கையைப் பிடித்தாள்.

“விடு,” என்றாள் அம்மா. “வருத்தமில்லை பிள்ளை. இந்த ஆள் பாடுறார்.”

“என்ன?”

“ஒப்பு வைக்கிறார். செத்தவனுக்கு. இழுத்திழுத்து மூண்டு தரம் மூச்செடுத்து, பிறகு ஒரே மூச்சிலை ஒரு வரி. நுனியிலை குரல் உடையும். ஆறு வரிக்கு ஒருக்கா மற்றப் பெண்டுகள் வாங்கிப் பாட விடுவம். இவருக்கு வாங்கிப் பாட ஆளில்லை. அதுதான் அந்த இடம் சும்மா கிடக்குது.” பிறகு ஓவியத்தைக் காட்டினாள். “அவளின்ர வாயைப் பார். அழுற வாயோ அது? அடுத்த வரிக்கு மூச்செடுக்கிற வாய்.”

பியேராவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் அந்தக் கை காட்டிய இடத்தைப் பார்த்தாள்; அவள் வாயிலிருந்த குச்சி கீழே விழுந்தது.

திரையில் ஆறு வரி முடிந்து ஓய்வு வந்தது. பதில் சொல்ல ஆளில்லாத அந்த வெற்றிடம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அம்மாவின் குரல் எழும்பியது.

முதலில் அது குரல்போலவே இல்லை. இருபத்தாறு ஆண்டுகளாகத் திறக்காத கதவைத் திறப்பதுபோல எதுவோ நெஞ்சுக்குள் உரசியது. பிறகு வரி வந்தது.

“பாய் விரிச்சு வைச்சனே ராசா, படுக்க நீ வரேல்லையே…
கோடி எடுத்து வைச்சனே ராசா, போர்த்த ஒரு மேனி தரேல்லையே…”

அவள் ஆறு வரி பாடினாள். பாடி முடிக்கவும் திரையில் அந்த ஆளின் மூச்சு மறுபடி தொடங்கியது. அவள் நிறுத்தி, தலையைக் குனிந்து, அவருடைய ஆறு வரியைக் கேட்டாள். சத்தமில்லாத வரி. பிறகு அவர் ஓய்ந்தார், அவள் எடுத்தாள். பெயர் தெரியாத ஒருவரும், இறந்தானென்று சொல்ல மறுத்த ஒருத்தியும், எழுநூறு ஆண்டுகளுக்கு நடுவில் முறை வைத்துப் பாடினார்கள். காலை வெயில் வாசல்வழியே பாதி கோயில்வரை வந்திருந்தது. சுவரில் குனிந்திருந்த ஆறு பேரும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து பின்பாட்டுக்குக் காத்திருப்பதுபோல் ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. அவள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாட்டு தெரியாது. அழ மட்டும் தெரிந்தது.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியைத் திறந்து, “அந்த அக்காவுக்கும் குடு,” என்றாள். பியேரா அழுதுகொண்டே மீன்குழம்பு சாப்பிட்டாள். காரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிற்பகலில் ஜெசிந்தா சாரத்தில் ஏறித் தாயின் முகத்துக்கு நேரே நின்றாள். கையில் வெட்டுக்கத்தி இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அந்தக் கன்னத்தின் கல், நெஞ்சு உடைந்த ஒருவர் ஒரு நாள் முழுக்க விட்ட மூச்சால் ஆன கல். அவர் பாடியிருக்கலாம். பாடி ஓய்ந்துபோய் மௌனமாக இருந்திருக்கலாம். செத்தவரின் பெயரை ஒரு தடவை சொல்லியிருக்கலாம். திறந்தால் தெரிந்துவிடும். திறந்தால் தீர்ந்தும்விடும்.

“நீங்கள் என்ன சொல்லுறியள் அம்மா?” என்று கீழே பார்த்துக் கேட்டாள்.

“என்னை ஏன் கேக்கிறாய்? செத்தவனுக்கு நான் ஆர்? நீ ஆர்? கேக்க உரித்துள்ள ஆக்கள் ஒருத்தரும் மிஞ்சேல்லை.”

ஜெசிந்தா கத்தியை உறையில் போட்டாள். இயக்குநரின் கடிதத்தின் பின்புறத்தில், ‘முப்பத்தோராம் நாள் வாசிக்கப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பியேரா அவளைக் கட்டிப்பிடித்தாள், சாரம் ஆடியது.

வெள்ளிக்கிழமை பியேரா துணியை உரித்தாள். கீழ் மூலையிலிருந்து, இரண்டு கையாலும், ஒரே சீராக இழுத்தாள். ஈரத் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. ஓவியத்தின் தோல், தாயின் முகமும் அதற்குள் இருந்த மூச்சும் முழுதாக, துணியோடு வந்தது. ஞாயிறு காலை, கீழே கூடாரத்தில் உயிர்ப்புப் பூசை நடந்துகொண்டிருந்தபோது, கோயில் மலையிலிருந்து கழன்று பள்ளத்தாக்கில் விழுந்தது.

அந்த நவம்பரில் திரேசம்மா மகனுக்கு முதல் பூசை ஒப்புக்கொடுத்தாள். அதற்கு முன்பே, பிள்ளைகளைத் தொலைத்த மற்றத் தாய்மார் ஆய்வுகூடத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். வல்தோராவில் நடந்ததைப் பியேரா யாரிடமோ சொல்ல, அது எப்படியோ பரவியது. பல நாடுகளிலிருந்து, பிஸ்கட் டின்களிலும் துணிப்பொட்டலங்களிலும் சுவர்த்துண்டு கொண்டுவந்தார்கள். கேட்க உரிமையுள்ளவர் நேரில் இருந்தால் மட்டுமே வாசிப்பது என்று ஜெசிந்தா ஒரு விதி வைத்தாள். இயக்குநரோடு சண்டை போட்டு அந்த விதியைக் காப்பாற்றினாள். திரையில் கோடு ஓடும்போது அம்மா அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மூச்சால் அதைப் படித்துச் சொல்வாள். “இது சிரிப்பு.” “இது பாரம் தூக்குறார்.” “இதிலை சீக்காயடிக்கிறான், விசில், பாருங்கோ.” சொல் புரியாத பெண்களுக்கும் மூச்சு புரிந்தது.

தை மாதத்தில் அம்மா தனியே மன்னாருக்குப் போய்விட்டு வந்தாள். வந்த மறுநாள் ஆய்வுகூடத்தில், ஒரு வெள்ளைக் கைலேஞ்சியை மேசையில் அவிழ்த்தாள். உள்ளே ஒரு நகம் அளவு சுண்ணாம்பு.

“அந்த முகத்தை நாங்கள் திறக்கேல்லை,” என்றாள் ஜெசிந்தா. “இதை மட்டும் ஏன்?”

“அவளுக்கு உடம்பு கிடைச்சது. எனக்கு இதுதான் கிடைச்சது. சுவரிலை எவ்வளவு காலத்துக்கு அவனைப் பூட்டி வைக்கிறது?”

ஜெசிந்தா கருவியை ஓடவிட்டாள். படலங்கள் பின்னாலிருந்து திறந்தன. ஓர் இளைஞன். நெஞ்சில் ஒரு குறையும் இல்லாத, கடல்காற்று வாங்கிய நுரையீரல். கருவாடும் பிளேன்டீயும். வாளியைத் தூக்குகிறான், அடிக்கிறான், நிற்கிறான். அம்மா கோட்டோடு மூச்சுவிட்டுக்கொண்டே சிரித்தாள். “களைச்சுப்போனான் என்ர பிள்ளை.”

அப்போது இரண்டாவது மூச்சு வந்தது. தரைக்குக் கிட்ட, சின்னதாக, வேகமாக.

“ஆர் அது?” என்றாள் அம்மா. “அண்டைக்கு நான் வீட்டிலை இல்லை. சந்தைக்குப் போனனான்.”

ஒருவர் மூச்சின் அடையாளம் வயதானாலும் மாறாது; கருவி ஒப்பிட்டுப் பார்த்தது. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எல்லோருடைய மூச்சும் தவறு நேராமலிருக்க அதில் பதிந்துவைக்கப்பட்டிருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு பெயர் தோன்றியது. ஜெசிந்தா அதை இரண்டு முறை படித்தாள்.

“நான்தான் அம்மா.”

இரண்டு மூச்சும் அன்று முழுவதும் பிரியவேயில்லை. பெரியது ஏணியில் ஏறியது, சின்னது அடியில் நின்றது. ஓரிடத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் துள்ளித் துள்ளி வந்தன. அம்மா சொல்லவேண்டியிருக்கவில்லை, சிரிப்பு என்று ஜெசிந்தாவுக்கே தெரிந்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று நினைவில்லை. இனியும் வராது. ஆனால் அவள் அங்கே இருந்திருக்கிறாள்.

கடைசிப் படலமும் திறந்து முடிந்தது. வெளியான வாயு குப்பிக்குப் போகும் குழாயில் காத்திருந்தது. விதிப்படி மூடி, எண் எழுதி, குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். ஜெசிந்தா குழாயை மறுபக்கம் திருப்பி, அதன் வாயை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துத் திறந்தாள்.

அம்மா கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்தாள். வெளியே விட அவசரப்படவில்லை.